கேக் கத்தியில் மூன்று கை

— மூண்டு கை, தம்பி. நீர் எடுத்த கலியாணப் படம்தானே, நீரே எண்ணிப் பாரும். கேக் கத்தியில மூண்டு கை.

— பாத்தனான், அம்மா.

— பாத்தனீரெல்லோ? ஒண்டு என்ர மகள் செலீனான்ர. மற்றது மருமோன் வலன்ரைன்ர. மூண்டாவது ஆற்ற?

— இருங்கோவன், அம்மா. வெயிலுக்கால வந்திருக்கிறியள்.

— இருக்கிறதுக்கு நான் வரேல்லை. பள்ளிமுனையில இருந்து நடந்து வந்தனான். இந்த மனுசனையும் இழுத்துக்கொண்டு.

— அது சரி, அருளம்மா. ஆனா எனக்குக் கால் உளையுது. நான் இருக்கப்போறன்.

— ஐயா, அந்தக் கதிரையில வேண்டாம். அது படத்துக்கு வைச்சது. ஒரு கால் இல்லை.

— அப்ப இதில எப்பிடி ஆக்களை இருத்திறீர், தம்பி?

— இருத்திறேல்லை. சாஞ்சு நிக்கச் சொல்லுறனான்.

— அது சரி. என்ர தமையன் இதில சாஞ்சு நிண்ட படம் வீட்டில மாட்டிக் கிடக்குது. ராசா மாதிரி.

— கதிரைக் கதையை விடுங்கோ. இஞ்சாருங்கோ, அல்பத்தை எடுங்கோ. தம்பி பெனடிக்ற், இஞ்ச பாரும். இது கேக் வெட்டினது. இது செற்றியில ரெண்டு பேரும் இருக்கிறது. மாப்பிள்ளையின்ர நெஞ்சில பாரும். என்ன தெரியுது?

— ஒரு முகம்.

— ஆம்பிளையோ பொம்பிளையோ?

— பொம்பிளை.

— சிரிக்குதோ அழுகுதோ?

— சிரிக்கிறா.

— சிரிக்கிறாவாம். மரியாதை வேற. என்ர பிள்ளை இருபத்தெட்டு வயது வரைக்கும் செபமாலையும் தானுமாக் காத்துக்கொண்டிருந்து கட்டின மாப்பிள்ளையின்ர நெஞ்சில ஒருத்தி இருந்து சிரிக்கிறாள். படம் வந்த அண்டைக்கே செலீனா பெட்டியைக் கட்டிக்கொண்டு வங்காலையில, புருசன் வீட்டில இருந்து வந்திட்டாள். இண்டைக்கு எட்டு நாள்.

— மாப்பிள்ளை என்ன சொல்லுறார்?

— அவன் என்னத்தைச் சொல்லுவான்? ‘எனக்கு இந்தப் பொம்பிளையைத் தெரியாது’ எண்டு அழுறான். ‘தெரியாத பொம்பிளை உங்கட நெஞ்சில எப்பிடி இருப்பாள்’ எண்டு இவள் கேக்கிறாள். ஞாயமான கேள்விதானே?

— அவன் பாவமப்பா. பெடியன் அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர். ஒரு பைலைத் துலைச்சாலே ரெண்டு நாள் சாப்பிடமாட்டான். பொம்பிளையை ஒளிக்க அவனுக்குத் தெரியுமே?

— நீங்கள் சும்மா இருங்கோ. நீங்கள் ஆரைத்தான் குறை சொன்னனீங்கள்? கேளும் தம்பி, சம்பந்தியம்மா றோசம்மா செய்த வேலையை. மகனில பிழை இல்லை எண்டு காட்ட வேணுமெல்லோ? அது மாதாவாம். படத்துக்குச் சட்டம் போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, நவநாளும் தொடங்கிட்டா. அயல் சனம் பாயோட வருகுது. நான் கேட்டன், ‘மாதா என்னத்துக்குச் சம்பந்தி, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல் புடைக்கிறா?’

— மாதாவும் வீட்டு வேலை செய்த மனுசிதானே, அருளம்மா.

— செய்திருப்பா. பனையோலைச் சுளகிலயோ?

— அது சரி.

— எங்கட பக்கத்து வீட்டுக்காரி அது பேய் எண்டுறாள். கடலில போன ஆரோ பொம்பிளையாம், கலியாணச் சாப்பாட்டுக்கு வந்து நிக்கிதாம். அவளின்ர கதையைக் கேட்டு இந்த மனுசன் ரெண்டு நாளாக் கிணத்தடிக்குத் தனியப் போகேல்லை.

— பயத்தில இல்லை. துணைக்கு.

— பேசாமல் பங்குச் சுவாமியிட்டக் கொண்டுபோய்க் காட்டினன். அவர் கண்ணாடியைப் போட்டு, யன்னலடியில வைச்சு, வடிவாப் பாத்தார். பாத்திட்டு என்ன சொன்னார் தெரியுமே? ‘இதில நான் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன், அருளம்மா. வேற படம் இல்லையோ?’

— வேற இருக்குது. கோயில் றோலில அவர் கண் திறந்து நிக்கிறார். பதினொரு படம்.

— பதினொண்டோ? என்ர எத்தினை?

— ரெண்டு, அம்மா.

— தாலியைக் கட்டினது சுவாமியோ மாப்பிள்ளையோ எண்டு சனம் கேக்கப்போகுது.

— அவர் ஒவ்வொரு பக்கமும் திரும்பித் திரும்பி நிண்டார்.

— சரி, அது கிடக்கட்டும். கொழும்பில இருந்து வந்த இவற்ற மச்சானை நாலு தரம் எடுத்தனீரெல்லோ? நான் கண்ணால கண்டனான். பளிச், பளிச் எண்டு. அல்பத்தில ஒண்டும் இல்லை. அவர் கடிதம் போட்டிருக்கிறார், ‘என்ர படத்தை வேணுமெண்டு மறைச்சுப்போட்டியள்’ எண்டு.

— அவருக்கு வெறும் வெளிச்சம்.

— அப்பிடியெண்டா?

— பிளாஷ் மட்டும். பிலிம் ஓடேல்லை.

— வெளிச்சம் வந்துதே?

— அதுக்கு ஒரு பொத்தான் இருக்குது. அமத்தினா வெளிச்சம் மட்டும் வரும். பிலிம் கிடைக்கிறது கஸ்ரம், அம்மா. ஒரு றோலுக்கு முப்பத்தாறுதான். வாற சனம் எல்லாம் முன்னால வந்து தலையை நீட்டும். கோவிக்கிறவைக்கு வெளிச்சம் மட்டும் குடுக்கிறது. சந்தோசமாப் போயிடுவினம்.

— மாதாவே! அப்ப அந்த மனிசன் கழுத்துப்பட்டியைச் சரி பண்ணி, வயித்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நிண்டதெல்லாம்?

— ஓம்.

— நல்லாச் செய்தீர், தம்பி. இந்தச் சந்தோசம் எனக்குக் கலியாணத்திலயே கிடைக்கேல்லை. நாலு தரமும் வெறும் வெளிச்சமோ?

— நாலு தரமும்.

— எனக்கு, தம்பி?

— உங்களுக்கு என்ன, ஐயா?

— பந்தலுக்க என்னைத் தனிய நிப்பாட்டி ஒண்டு எடுத்தனீர். நாடியை உயத்தச் சொன்னனீர். அதையும் காணேல்லை.

— ஐயா, தேத்தண்ணி குடிக்கிறியளோ?

— அது சரி.

— ஐயோ, பெண்ணைப் பெத்த தேப்பனுக்குமோ! சரி, அது போகட்டும், அவர் படத்தில நிண்டாலும் ஒண்டுதான், நிக்காட்டிலும் ஒண்டுதான். கேக்கைப் பற்றி ஒரு கேள்வி. மேல் ரெண்டு தட்டும் மட்டை எண்டது படத்தில தெரியுதோ?

— இல்லை.

— பாணுக்கே சனம் கியூவில நிக்கிற காலம். மூண்டு தட்டுக்கு மாவுக்கு எங்க போறது? கத்தி போற இடத்தில மட்டும் ஒரு துண்டு உண்மைக் கேக் வைச்சம். வலன்ரைன் அவசரத்தில மட்டையில வைச்சு அறுக்கத் தொடங்கிட்டான். அதைத்தான் நீர் எடுத்திருக்கிறீர்.

— ஓம். வடிவா இருக்குது.

— வடிவுதான். மூண்டாவது கையும் சேந்து அமத்துது. வளையல் போட்ட கை. நீர் என்னை நாலு ஊர் சுத்திக் காட்டிப்போட்டு அந்த இடத்தை மட்டும் விடுறீர், தம்பி. நான் மீன் வித்துப் பிள்ளை வளத்தவள். ஆக்கள் கண்ணைப் பாக்காமல் கதைச்சா எனக்கு விளங்கும். அந்தக் கை ஆற்ற?

— ஒரே றோலில ரெண்டு தரம் எடுபட்டிருக்குது, அம்மா.

— விளங்கச் சொல்லும்.

— அந்த றோல் புதுசு இல்லை. முதல் எடுத்த படங்கள் அதில இருந்தது. கழுவிப் படமாக்காமல் கிடந்தது. அதுக்கு மேல உங்கட கலியாணம் விழுந்திட்டுது. கோயிலில எடுத்த றோல் வேற. அது சுத்தமா இருக்குது. வீட்டில எடுத்தது மட்டுந்தான் இப்பிடி.

— அப்ப, அவள் எங்கட வீட்டுக்கு வரேல்லை?

— வரேல்லை.

— பந்தலுக்க நிக்கேல்லை? சாப்பிடேல்லை?

— இல்லை.

— நான் சொன்னனான் பாத்தீரே, அருளம்மா. பேய் எண்டாலும் சாப்பாட்டில ஒரு கணக்குக் குறையும். சோறு மிஞ்சினது எல்லோ.

— பொறுங்கோ. தம்பி, இதைச் சொன்னா வங்காலையில ஒருத்தரும் நம்பமாட்டினம். ரெண்டு தரம் எடுபட்டா எல்லாற்ற மேலயும்தானே விழவேணும்? என்ர மகளில விழேல்லை. என்னில விழேல்லை. எந்தப் படத்தை எடுத்தாலும் மாப்பிள்ளையோடதான் நிக்கிறாள். நெஞ்சில நிக்கிறாள், தோளில நிக்கிறாள், கையைப் பிடிக்கிறாள். இவ்வளவு பேர் நிக்கேக்க அவளுக்கு அவன்தானோ கிடைச்சான்?

— அவர் கறுப்புக் கோட்டு.

— அதுக்கு?

— கறுப்பு இடத்திலதான் முதல் எடுத்தது தெரியும். வெள்ளையில அழிஞ்சுபோயிடும். மகள் வெள்ளைச் சீலை. நீங்கள் சந்தனக் கலர். சுவாமி வெள்ளை உடுப்பு. பந்தலுக்கும் வெள்ளை கட்டினனீங்கள். கறுப்பு எண்டு அங்க நிண்டது அந்தக் கோட்டு ஒண்டுதான்.

— கோட்டோ?

— கோட்டுத்தான், அம்மா. மாப்பிள்ளை வேட்டி சால்வையோட நிண்டிருந்தா ஒருத்தரும் தெரியமாட்டினம்.

— கேட்டியளே, இஞ்சாருங்கோ? அந்தக் கோட்டு அவன்ர கூட இல்லை. கந்தோர்ப் பெரியவரிட்ட இரவல் வாங்கினது. இந்த வெக்கையில, கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு, வெள்ளைக்காரன் மாதிரி நிக்கவேணும் எண்டு றோசம்மா ஒற்றைக் காலில நிண்டா. என்ர பிள்ளையின்ர வாழ்க்கை ஒரு இரவல் கோட்டில தொங்குது.

— தம்பி, ஒண்டு கேக்கிறன். என்ர தலையில ஒரு சுளகு தெரியுது. இந்தப் படத்தில, மூலையில. நான் கோட்டுப் போடேல்லையே.

— தலைமயிர் கறுப்பு, ஐயா.

— அது மை. கலியாணத்துக்கு எண்டு பூசினது.

— நல்ல மை.

— அது சரி. நான் உண்மையாவே அந்தச் சுளகை ஆரோ என்ர தலையில கவிட்டது எண்டு நினைச்சன்.

— சரி, கோட்டு விளங்குது. இனி ஆளைச் சொல்லும். செலீனா என்னை இஞ்ச அனுப்பினது அதுக்குத்தான். ‘அந்தப் பொம்பிளை ஆர், எந்த ஊர், அவளுக்கும் இவருக்கும் என்ன எண்டு தெரிஞ்சாத்தான் நான் பெட்டியை அவிழ்ப்பன். இல்லாட்டி இனி வங்காலை இல்லை’ எண்டிட்டாள். சொன்னாச் சொன்னதுதான். என்ர பிள்ளை.

— ஊர் உயிலங்குளம்.

— வயல்காரப் பொம்பிளை. சுளகில தெரியுது. பேர்?

— சிவபாக்கியம்.

— சைவமோ?

— ஓம்.

— றோசம்மா சைவப் பொம்பிளைக்கு நவநாள் செய்யிறா! மாதாவே, இதை நான் எப்பிடிச் சிரிக்காமல் போய்ச் சொல்லுவன்? சரி தம்பி, அவவை உமக்கு எப்பிடித் தெரியும்?

— என்ர மனுசி.

— என்ன?

— என்ர மனுசி, அம்மா.

— நீர் கலியாணம் கட்டின ஆளோ? தனியாள் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம். றோசம்மான்ர தங்கச்சியின்ர மகளுக்கு உம்மைப் பேசுவம் எண்டு கூட ஒரு கதை வந்தது. அட, அப்ப முடிஞ்சுது கரைச்சல்! இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. தம்பி, அவவை வெளிய வரச்சொல்லும். ஒரு நல்ல சீலையை மாத்தச் சொல்லும். நேர செலீனாவுக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டுவம். ‘இந்தா பாரடி, ஆள் இவதான், இவ படக்காரன்ர மனுசி’ எண்டு. முகத்தோட முகம் பாத்தா ஒரு நிமிசத்தில விளங்கிடும்.

— அவ இல்லை.

— எங்க போயிட்டா? சந்தைக்கோ? நாங்கள் இருக்கிறம்.

— வரமாட்டா, அம்மா.

— ஓ. அவவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்ட போயிட்டாவோ? இந்தக் காலத்துப் பிள்ளையளே இப்பிடித்தான். நீர் என்ன செய்தனீர்?

— செத்துப்போனா.

— எப்ப, தம்பி?

— போன ஆவணிக்கு முந்தின ஆவணியில. காய்ச்சல். நாலு நாள்.

— தம்பி, எனக்குத் தெரியாது. மாதா அறிய எனக்குத் தெரியாது.

— இந்தப் பட்டினத்தில ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குப் பிறகுதான் இஞ்ச வந்து கடை போட்டனான்.

— பிள்ளையள்?

— இல்லை.

— அவவின்ர ஆக்கள்?

— அவவின்ர வீட்டிலயும் வரேல்லை. எங்கட வீட்டிலயும் வரேல்லை. பதிவுக் கந்தோரில கலியாணம் எழுதினது மட்டுந்தான். சாட்சிக்கு றோட்டில போன ரெண்டு பேரைப் பிடிச்சம். ஒராள் சைக்கிள் திருத்திறவர்.

— கலியாணப் படம்?

— இல்லை.

— ஏன் தம்பி? படம் எடுக்கிறது உம்மட தொழில்.

— எடுக்கிறவனும் நான். மாப்பிள்ளையும் நான்.

— அது ச... அது கஸ்ரம், தம்பி.

— பிறகு ஒரு நாள் ஒரு றோல் எடுத்தன். குளக்கட்டில, முத்தத்தில, அடுப்படியில. நெல் புடைக்கேக்க எடுக்காதேங்கோ எண்டு கத்தினா. எடுத்தன். அது ஒண்டுதான் அவவை எடுத்த றோல்.

— அதுதான் இந்த றோலோ?

— ஓம்.

— ஐயோ, என்ர பிள்ளை. இஞ்ச, கையைத் தாரும். அழாதேயும்.

— அழேல்லை, அம்மா.

— அழும். அழுதா நல்லம்.

— தேத்தண்ணி ஊத்தட்டோ?

— தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம். இந்த மனுசன் அழுறார், பாரும். தன்ர மகள் பெட்டியோட வந்த அண்டைக்கும் இவர் அழேல்லை.

— மைதான் கண்ணுக்க போயிட்டுது, அருளம்மா.

— இப்ப என்ன செய்யிறது எண்டு நான் சொல்லுறன், தம்பி. நீர் எங்களோட பள்ளிமுனைக்கு வாரும். மத்தியானம் எங்கட வீட்டிலதான் சாப்பாடு, விளைமீன் குழம்பு வைச்சிருக்கிறன். வலன்ரைனையும் றோசம்மாவையும் வரச்சொல்லி ஆள் விடுறன். எல்லாருக்கும் முன்னால, வேதப்புத்தகத்தில கை வைச்சு, நீர் ஒரு சத்தியம் பண்ணவேணும். வெறும் வாயால சொன்னா, மாப்பிள்ளை தேத்தண்ணி வாங்கிக் குடுத்துப் பொய் சொல்லச் சொன்னது எண்டு செலீனா சொல்லுவாள். அவளுக்குச் சத்தியம் வேணும்.

— பண்ணுறன்.

— நல்ல பிள்ளை. நான் வசனம் சொல்லித் தாறன், பிறகு தடுமாறக்கூடாது. எனக்குப் பின்னால சொல்லும். ‘படத்தில இருக்கிறது என்ர பெண்சாதி சிவபாக்கியம்.’

— படத்தில இருக்கிறது என்ர பெண்சாதி சிவபாக்கியம்.

— ‘அவ மோட்சம் போயிட்டா.’

— அவ செத்துப்போனா.

— சரி, அப்பிடியும் சொல்லலாம். சைவத்துக்கு மோட்சம் உண்டோ இல்லையோ எண்டு றோசம்மா ஞாயம் பேசத் தொடங்கிடுவா. ‘அவவுக்கும் மாப்பிள்ளை வலன்ரைனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, முகம் பாத்ததும் இல்லை.’

— அவவுக்கும் மாப்பிள்ளை வலன்ரைனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. முகம் பாத்ததும் இல்லை.

— ‘ரெண்டும் ஒரே றோலில விழுந்தது நான் தெரியாமல் செய்த பிழை.’

— ரெண்டும் ஒரே றோலில விழுந்தது நான் செய்த பிழை.

— ‘தெரியாமல்’ எண்டதை விட்டிட்டீர்.

— மற்றதெல்லாம் சொல்லுறன், அம்மா.

— அதுதான் தம்பி முக்கியம். தெரியாமல் நடந்தது எண்டாத்தானே செலீனா மன்னிப்பாள்? உம்மில கோவிக்கவும் மாட்டாள். ஒரு சொல்லுத்தானே. இன்னொருக்காச் சொல்லும்.

— அந்தச் சொல்லைப் புத்தகத்தில கை வைச்சுச் சொல்ல ஏலாது.

— விடும், அருளம்மா. தம்பி களைச்சுப்போயிட்டார். தட்டுப்பாட்டு நேரம், ஒரே மாதிரிப் பிலிம் குப்பியள், மாறிப்போயிருக்கும். பிழை மனுசருக்கு வாறதுதானே. என்ன தம்பி, மற்றப் பிலிமுகளோட கலந்து கிடந்துதோ?

— இல்லை, ஐயா. தனிய வைச்சிருந்தனான். அலுமாரியில, அவவின்ர சீலைக்குள்ள சுத்தி.

— சீலைக்குள்ள சுத்தி வைச்ச றோல் எப்பிடித் தம்பி எங்கட கலியாண வீட்டுக்கு வந்தது?

— ஒண்டரை வருசமா அதைக் கழுவ எனக்குக் கை வரேல்லை, அம்மா. ஆற்றையும் கலியாணம் அதில இருந்தா, கழுவித்தானே ஆகவேணும்.